மூட்டை யாருடையது? – ஆன்லைன் வியாபாரம் பற்றி வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முப்பது ஆண்டுகள் முந்திரி விற்றவர். அதில் கடைசி எட்டு ஆண்டுகள் கடையிலும் ஆன்லைனிலும்.)

ஐயா, நான் பி.காம். படிக்கிறேன். மின்வணிகப் பாடத்தில் ‘சந்தைத் தள மாதிரி’, ‘சரக்கிருப்பு மாதிரி’ என்று இரண்டு வருகின்றன. மனப்பாடம் ஆகிவிட்டது, மண்டையில் ஏறவில்லை. – மாணவர், மஞ்சக்குப்பம்

தம்பி, பலாப்பழ சீசனில் ஒரு நாள் பண்ருட்டிக்கு பஸ் ஏறுங்கள். அங்கே கமிஷன் மண்டியில் குவிந்திருக்கும் பழம் மண்டிக்காரருடையதல்ல, தோப்புக்காரருடையது. மண்டிக்காரர் இடம் தருவார், வாங்குபவரைக் கூட்டிவருவார், பணத்தை வாங்கிக் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். பழம் அழுகினால் அவருக்கு ஒன்றும் இல்லை. இதுதான் சந்தைத் தளம். திரும்பி வரும் வழியில் ஒரு மளிகைக்கடையில் நில்லுங்கள். கடைக்காரர் சொந்தக் காசு போட்டு மூட்டைகளை அடுக்கியிருக்கிறார். எலி கடித்தால் நஷ்டம் அவருக்குத்தான். இது சரக்கிருப்பு. மூட்டை யாருடையது என்று கேட்டால் போதும், தேர்வில் பாதி மதிப்பெண் வந்துவிடும்.

1995இல் புத்தகம் விற்கத் தொடங்கிய அமேசான், தொடக்கத்தில் மளிகைக்கடை வகை. அதே ஆண்டில் தொடங்கிய ஈபே, ஏலம் விடும் மண்டி. அங்கே முதலில் விலைபோன பொருள் ஓர் உடைந்த லேசர் சுட்டி, 14.83 டாலருக்கு! நம் நாட்டில் 2007இல் பெங்களூரில் பிளிப்கார்ட்டும் புத்தகத்தில்தான் தொடங்கியது. 2010இல் ‘பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுங்கள்’ என்று அறிவித்த பிறகுதான் கார்டு இல்லாத வீடுகளுக்குள்ளும் அது நுழைந்தது.

இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் ஏதாவது ஓர் ஆன்லைன் பில்லை எடுத்துப் பாருங்கள். தளத்தின் பெயர் பெரிதாக இருக்கும், ‘விற்பவர்’ என்ற இடத்தில் கேள்விப்படாத வேறொரு பெயர் இருக்கும். வெளிநாட்டு முதலீடு உள்ள தளங்கள் நம் நாட்டு வாடிக்கையாளருக்கு மண்டியாக மட்டுமே இருக்கலாம், சொந்தச் சரக்கை விற்கக் கூடாது என்பது விதி. 2018 டிசம்பரில் அதை இன்னும் இறுக்கினார்கள்: தளத்துக்குப் பங்கு உள்ள நிறுவனம் அதே தளத்தில் விற்க முடியாது. 2019 பிப்ரவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இதை எழுதினால் மீதி மதிப்பெண்ணும் கிடைக்கும்.

நானும் என் கணவரும் சுடுமண் பொம்மை செய்கிறோம். பெரிய தளத்தில் போட்டால் இந்தியா முழுவதும் விற்கலாம் என்கிறான் மகன். போடலாமா? – வாசகி, வில்லியனூர்

அம்மா, உங்கள் ஊர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பெயர் சம்பாதித்த சரக்கு. ஆனால் அது உடையும் சரக்கு. ஆகவே என் கதையை முதலில் கேளுங்கள்.

நான் விற்றது டபிள்யூ 320 ரக முந்திரி. ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்கும் என்பது அந்த எண்ணின் பொருள். பெரிய தளம் ஒன்றில் பட்டியலிட்டேன். முதல் மாதம் ஆர்டர் குவிந்தது, என் மனைவி இரவு பதினொன்று வரை டேப் ஒட்டினாள். ஐப்பசி மழை தொடங்கியதும் பார்சல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. வீடு பூட்டியிருந்தது, வேண்டாம் என்றுவிட்டார்கள், முகவரி தவறு. திரும்பி வந்த பருப்பு நமுத்துப்போயிருந்தது. ஒரு பொட்டலம் பாதி காலியாக வந்தது. புகார் எழுதினேன். ‘உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது’ என்று பதில் வந்தது. யார் முடித்தார்கள், எப்படி முடித்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அன்றிரவு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். புரிவதற்காக முழு எண்களில் சொல்கிறேன். கொள்முதல் 800 ரூபாய், விற்றது 1,000. தளத்தின் கமிஷன் 100, கூரியர் 60, அட்டைப் பெட்டியும் டேப்பும் 15. கையில் நிற்பது 25. ஒரு பார்சல் திரும்பினால் போக வர கூரியர் 120, பெட்டி 15, ஆக 135 போயிற்று. அதை ஈடுகட்ட ஆறு பார்சல் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். பருப்பும் பாழானால் அந்த 800ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். கமிஷன் எத்தனை சதவீதம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். திரும்பி வரும் பார்சல் யார் தலையில் விழும் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே, முதலில் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு, யுபிஐயில் முழுப் பணம் வாங்கிய பிறகே அனுப்புங்கள். உள்ளங்கையில் அடங்கும் சிறிய பொம்மைகளாகத் தொடங்குங்கள். அனுப்பும் முன், கட்டிய பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து நீங்களே கீழே போட்டுப் பாருங்கள். உடைந்தால் உங்கள் வீட்டிலேயே உடையட்டும். குதிரை போன்ற பெரிய உருவங்களைக் கடைக்காரர்களுக்கும் விடுதிகளுக்கும் மொத்தமாகக் கொடுங்கள். வியாபாரி வியாபாரிக்கு விற்பதும் மின்வணிகத்தில் ஒரு வகைதான், அதில் ரிட்டர்ன் தொல்லை குறைவு. பெரிய தளத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்துப் பார்சல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகு மகன் சொல்வதைக் கேளுங்கள்.

அரியாங்குப்பத்தில் வீட்டிலேயே பருத்தி நைட்டி தைத்து விற்கிறேன். ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய்கூட வராது. ஜிஎஸ்டி பதிவு எனக்கும் உண்டா? – வாசகி, அரியாங்குப்பம்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

பொருள் விற்பவர்களுக்குப் பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். நீங்கள் அதற்கு எவ்வளவோ கீழே. ஆனால் இந்த வரம்பு உங்கள் ஆட்சிப்பகுதிக்குள் விற்பதற்கு. கேரளத்துக்கு நடுவில் இருக்கும் மாஹேவுக்கும், ஆந்திரத்துக்கு நடுவில் இருக்கும் ஏனாமுக்கும் நைட்டி அனுப்பினால் அது உள்ளூர் வியாபாரம். எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டி, உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய கடலூரில் எனக்கு ஒரு நைட்டி அனுப்பினால் (என் மனைவிக்குத்தான்) அது வெளிமாநில வியாபாரம். வெளிமாநிலம் என்றால் வரம்பு கிடையாது, முதல் ரூபாய்க்கே பதிவு வேண்டும். வில்லியனூர் அம்மாவும் கவனியுங்கள்: கைவினைப் பொருள்களை மாநிலம் தாண்டி நேரடியாக விற்பதற்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. பான் அட்டையோடு ஆடிட்டரைப் பாருங்கள்.

தளங்கள் வழியாக விற்பவர்கள் எல்லோரும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று முன்பு இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அதிலிருந்து விலக்கு. ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். தமிழ்நாட்டுக்காரருக்குக் கன்னியாகுமரி வரை சந்தை திறந்திருக்கிறது. உங்களுக்கு முள்ளோடையோடு முடிந்துவிடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் வரைபடம் போட்டபோது நைட்டியை நினைத்திருக்க மாட்டார்கள்.

சென்னை, கடலூர் ஆர்டர்கள்தான் உங்களுக்கு அதிகம் என்றால் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்தவர்களின் விற்பனைத் தொகையில் தளங்கள் அரை சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டும். 2024 ஜூலை 10க்கு முன் அது ஒரு சதவீதம். அந்தப் பணம் தொலைந்துபோவதில்லை, கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் பேரில் வரவு வரும். தாக்கல் செய்ய மறப்பவர்களுக்குத்தான் தொலைகிறது.

வாங்குபவரிடம் ஒரு பைசாகூட வாங்காத தளங்கள் எப்படிப் பிழைக்கின்றன? – வாசகர், நெல்லிக்குப்பம்

மறுபக்கத்தில் இருப்பவரிடம் வாங்குகின்றன. 1996இல் தொடங்கிய இந்தியாமார்ட்டில் வாங்குபவர் தேடுவது இலவசம், விற்பவர் சந்தா கட்டுகிறார். திருமணத் தளங்களில் படம் பார்ப்பதற்குக் காசில்லை, தொலைபேசி எண் வேண்டும் என்றால் காசு. தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காத பெங்களூர் இளைஞர் ஒருவரும் அவருடைய நண்பர்களும் 2006இல் தொடங்கிய ரெட்பஸ், பஸ் முதலாளிகளிடம் கமிஷன் வாங்கிப் பிழைத்தது. இது எதுவும் இல்லாத இடத்தில் விளம்பரம் இருக்கும். தெருமுனையில் இலவச மோர்ப்பந்தல் போட்டால் மேலே யார் பேனர் தொங்குகிறது என்று பார்ப்போமே, அப்படித்தான்.

சரக்கே வாங்காமல் வீட்டிலிருந்தே மாதம் லட்ச ரூபாய் சம்பாதிக்கலாம் என்று ஓர் ஆன்லைன் வகுப்பு. கட்டணம் 15,000 ரூபாய். சேரலாமா? – வாசகர், விருத்தாசலம்

ஆர்டரை நீங்கள் வாங்கி, சரக்கை வேறொருவர் நேரடியாக வாடிக்கையாளருக்கு அனுப்பும் முறை உண்மையிலேயே இருக்கிறது. டிராப்ஷிப்பிங் என்பார்கள். மூட்டை உங்களுடையதல்ல, ஆனால் கிழிந்த சட்டை போய்ச் சேர்ந்தால் திட்டு உங்களுக்கு. லாபம் மெல்லியது. அந்த ஆசிரியர் அப்படி எதை விற்று லட்சம் பார்த்தார் என்று கேளுங்கள். வகுப்புகளை என்று பதில் வந்தால், 15,000 ரூபாயை வைத்துக்கொண்டு பண்ருட்டிக்கு வந்து பருப்பு வாங்குங்கள். ஏற்கனவே கட்டி ஏமாந்திருந்தால் இந்தப் பக்கத்தை அப்படியே வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.