புழு வெளிவரும் வேளையும் மருந்தடிக்கும் வேளையும்: வாசகர் கேள்விகள்

விருத்தாசலம் வாசகர்: நிலக்கடலை இலைகளில் ஓட்டைகள் பெருகுகின்றன. பகலில் தேடினால் புழுக்கள் அதிகம் தென்படுவதில்லை. காலையில் மருந்தடித்தும் பயனில்லை. ஏன்?

பதில்: இது பெரும்பாலும் புரோடீனியா புழுவின் வேலை. முட்டையிலிருந்து வெளிவந்த இளம் புழுக்கள் கூட்டமாக இலையிலேயே தங்கிப் பச்சையத்தைச் சுரண்டும். வளர்ந்த புழுக்களோ பகலில் மண் வெடிப்புகளிலும் சருகுகளின் அடியிலும் பதுங்கி, பொழுது சாய்ந்த பின்பே செடியில் ஏறித் தின்னும். காலையில் தெளித்த மருந்து பதுங்கியிருக்கும் புழுவின் மேல் படுவதில்லை; அது மேலே வருவதற்குள் மருந்தும் நாள் முழுதும் வெயிலில் காய்ந்துவிடுகிறது. புழுக்களை நோயுறச் செய்து கொல்லும் என்.பி.வி. வைரஸ் கரைசல் வெயிலின் புற ஊதாக் கதிர்களால் விரைவில் செயலிழப்பதால், அதை மாலையில் தெளிப்பது மிகவும் அவசியம். தவிடும் வெல்லமும் சேர்த்த நச்சு உணவையும் அந்தியில்தான் வைக்க வேண்டும். கூலியாட்கள் காலையில்தான் கிடைக்கிறார்கள் என்பதை அறிவேன். ஆயினும் இந்தப் புழுவைப் பொறுத்தவரை, எந்த மருந்து என்பதற்கு இணையாக எந்த வேளை என்பதும் முக்கியம் என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

கடலூர் மாணவி: பூச்சிக்கு நேரம் எப்படித் தெரிகிறது? இருட்டறையில் வைத்தால் மறந்துவிடுமா?

பதில்: உடனே மறக்காது. தொடர்ந்து இருளில் இருந்தாலும் அதன் உடலுக்குள் ஓடும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சி பல நாள்கள் நீடிக்கும். அன்றாட வெளிச்சம் அதைச் சற்றே திருத்தி, ஊர்ப் பொழுதோடு பொருத்துகிறது. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் டுரோசோபிலா என்ற சிறு ஈயில் இச்சுழற்சியை மாற்றும் 'பீரியட்' மரபணுவை 1971ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கொனோப்காவும் பென்சரும் கண்டறிந்தனர். அம்மரபணு உருவாக்கும் புரதம் இரவில் செல்லுக்குள் பெருகித் தன் உற்பத்தியைத் தானே அடக்கி, பின் சிதைவதால் உற்பத்தி மீண்டும் தொடங்குகிறது. இச்செயல்முறையை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றனர்.

பாகூர் வாசகர்: குருத்துப்பூச்சிக்கு வைத்த விளக்குப்பொறியில் பௌர்ணமியன்று அந்துப்பூச்சிகள் குறைந்தன. தாக்குதல் தணிந்துவிட்டதா?

பதில்: அவ்வாறு முடிவு செய்ய வேண்டாம். நிலவொளியில் பொறி விளக்கின் ஈர்ப்பு மங்கிவிடும். தேய்பிறை இரவுகளிலும் எண்ணிப் பார்த்து, வயலில் முட்டைக் குவியல்களையும் நடுக்குருத்து காய்தலையும் தேடிய பின்பே முடிவெடுங்கள்.

பண்ருட்டி வாசகர்: மாந்தோப்பில் பழ ஈக்கான, மெத்தில் யூஜினால் என்ற ஈர்ப்புப் பொருள் வைத்த பொறியை மாலையில் மட்டும் தொங்கவிட்டால் போதுமா?

பதில்: போதாது. இந்த ஈக்கள் இணைசேர்வது அந்தியில். ஆனால் ஆண் ஈக்கள் மெத்தில் யூஜினாலை மிகுதியாக நாடி வருவது முற்பகலில். பொறி நாள் முழுதும் தொங்கட்டும். உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி அழியுங்கள், ஏனெனில் அவற்றிலுள்ள புழுக்கள் மண்ணுக்குள் சென்றே கூட்டுப்புழுவாகின்றன.