தந்தியில் சிக்கிய விஷவாயு: எத்தியோப்பியா 1935–36, கேள்வி பதில்

கேள்வி: 1935–36இல் எத்தியோப்பியாமேல் படையெடுத்த இத்தாலி அங்கே விஷவாயு வீசியதற்கு நேரடி ஆதாரம் உண்டா? வெறும் பிரசாரம் என்று வெகுகாலம் மறுத்தார்களே?

பதில்: இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினியின் தந்திகளே இருக்கின்றன. 1935 அக்டோபர் 27 அன்று தென் போர்முனைத் தளபதி கிராசியானிக்கு, வேறு வழியில்லாவிட்டால் வாயுவைப் பயன்படுத்தலாம் என்று அனுமதி. டிசம்பர் 28 அன்று வடக்குப் போர்முனையில் தளபதி படோலியோவுக்கு, எந்த வாயுவானாலும், எவ்வளவு பெரிய அளவிலும் என்று அனுமதி. இவற்றைவிட 1936 ஜனவரி 5 தந்தி கனமானது: ஜெனீவாவில் நடக்கவிருந்த சர்வதேச சங்கக் கூட்டங்கள் வரை வாயுவை நிறுத்தி வை என்கிறது. நடக்காததை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. வெளிச்சாட்சியும் உண்டு, செஞ்சிலுவையின் மார்செல் ஜூனோ கோரம் பகுதியில் வாயுக் காயம்பட்டவர்களை நேரில் கண்டார். இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புக்கொண்டது 1996இல்தான்.

கேள்வி: தங்கள் விமானி மின்னிட்டியை எத்தியோப்பியர்கள் கொன்றதற்குப் பதிலடி என்று சொன்னார்களே?

பதில்: மின்னிட்டி பிடிபட்டது டிசம்பர் 26. முதல் அனுமதித் தந்தி அதற்கு இரண்டு மாதம் முந்தியது. வாயுவைத் தடைசெய்த 1925 ஜெனீவா உடன்படிக்கையை இத்தாலி 1928இலேயே உறுதிசெய்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முகமூடி இருந்திருந்தால் தப்பியிருப்பார்களா?

பதில்: பாதிதான். அதிகம் வீசப்பட்டது மஸ்டர்ட் வாயு. பெயர்தான் வாயு, உண்மையில் எண்ணெய் போன்ற திரவம். சி.500.டி (C.500.T) என்ற குண்டில் சுமார் 212 கிலோ நிரப்பினார்கள். தரையில் வெடித்தால் பெரும்பகுதி குழிக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் நேரம் வைத்த பியூஸ் (வெடிப்பைத் தூண்டும் கருவி) பொருத்தி, தரைக்கு 250 மீட்டர் மேலே வெடிக்க வைத்தார்கள். துளிகள் மழைபோல் விழுந்தன. பின்னர் விமானத்திலிருந்து நேரடியாகவும் தெளித்தார்கள். முகமூடி கண்ணையும் நுரையீரலையும் காக்கும், தோலைக் காக்காது. எத்தியோப்பியப் படையில் பலர் வெறுங்காலில் நடந்தவர்கள். நனைந்த புல்லை மிதித்தாலே போதும். பட்டவுடன் எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் கொப்புளம் கிளம்பும். சாட்சியங்களைப் படிக்கும்போது இந்தத் தாமதத்தைத் தேடுங்கள். உடனே கண் எரிந்து, சற்று நேரத்தில் சரியானது என்றால் அது பெரும்பாலும் கண்ணீர்ப்புகை.

கேள்வி: ஈராக்கில் சர்ச்சில் வாயுக் குண்டு போட்டார் என்பது?

பதில்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்த சர்ச்சில் 1919 மே 12 அன்று எழுதிய குறிப்பு உண்மை. 'நாகரிகமற்ற' பழங்குடிகள்மேல் விஷவாயு பயன்படுத்துவதை வலுவாக ஆதரிக்கிறேன் என்கிறார். அதே குறிப்பில் கண்ணீர்ப்புகையைப் பற்றியும் பேசுகிறார். ஆனால் அது விருப்பத்துக்கான சான்று, வீசியதற்கான சான்று அல்ல. ஈராக்கில் வாயுக் குண்டு வீசியதைக் காட்டும் உறுதியான ஆவணம் வெளிவரவில்லை. சாதாரண வெடிகுண்டுகளை பிரிட்டிஷ் விமானப்படை அங்குள்ள கிராமங்கள்மேல் போட்டதில் மட்டும் சந்தேகமே இல்லை. குற்றம் சாட்ட அதுவே போதும். இல்லாததைச் சேர்த்தால் இருப்பதும் பொய் என்பார்கள்.

கேள்வி: இத்தாலிய ஆவணங்களில் 'மஸ்டர்ட்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை.

பதில்: 'இப்ரித்தே' (iprite) என்று தேடுங்கள், மஸ்டர்ட் வாயுவுக்கு இத்தாலியப் பெயர் அது. பெல்ஜியத்தின் ஈப்ர் நகரப் பெயரிலிருந்து வந்த சொல். குண்டின் குறியீட்டையும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: அன்றைய இந்தியாவில் மக்கள்மேல் விமானக் குண்டு விழுந்ததா?

பதில்: விழுந்தது. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு மறுநாள், 1919 ஏப்ரல் 14, இன்றைய பாகிஸ்தானிலுள்ள குஜ்ரான்வாலாவில். வாயு இல்லை, குண்டும் இயந்திரத் துப்பாக்கியும். இதை விசாரித்த ஹன்டர் கமிட்டி முன் விமானி கார்பெரி கொடுத்த வாக்குமூலமே பதிவில் இருக்கிறது.