ராக் பாட்டில் கீபோர்டு: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: த ஹூ குழுவின் 'பாபா ஓ'ரைலி' தொடக்கத்தில் விடாமல் ஓடுகிறதே ஒரு சின்தசைசர் (மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் கீபோர்டு), அதை எப்படி புரோகிராம் செய்தார்கள்?

பதில்: புரோகிராமும் இல்லை, சின்தசைசரும் இல்லை. அது லோரி பெர்க்‌ஷைர் ஆர்கன். வீட்டு ஹாலில் வைத்து வாசிப்பதற்கென்று விற்றது. அதில் 'மரிம்பா ரிபீட்' என்று ஒரு வசதி உண்டு. கட்டைகளை அழுத்திப் பிடித்தால் போதும், அந்தச் சுரங்களை ஆர்கனே படபடவென்று திரும்பத் திரும்பத் தட்டும். குழுவின் கிடார்காரர் பீட் டவுன்ஷெண்ட் பிடியை மாற்றிக்கொண்டே போனார், அவ்வளவுதான். மேடையில் இதை டேப்பில் ஓடவிட்டார்கள். டேப் யாருக்காகவும் நிற்காதே! அதனால் டிரம்மர் கீத் மூன் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓட வேண்டியிருந்தது. இந்தப் பாட்டு வந்த அதே 1971 ஆல்பத்தில் 'வோன்ட் கெட் ஃபூல்டு அகைன்' கேளுங்கள். அதில் சின்தசைசர் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அங்கேயும் ஒலி பிறப்பது ஆர்கனில்தான்; வி.சி.எஸ்.3 சின்தசைசர் அதை வாங்கி நறுக்கித் தருகிறது.

கேள்வி: அண்ணா, டீப் பர்ப்பிள் குழுவின் பாட்டுகளில் எது கிடார், எது ஆர்கன் என்றே பிடிபடவில்லை.

பதில்: காதில் கோளாறு இல்லை தம்பி. ஹாமண்ட் ஆர்கனுக்கு வழக்கமான ஜோடி லெஸ்லி ஸ்பீக்கர். உள்ளே ஹார்ன் சுழல்வதால் ஒலி அலையலையாக வரும். ஆனால் டீப் பர்ப்பிளின் ஆர்கன்காரர் ஜான் லார்ட் தன் ஹாமண்டை கிடார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) சொருகினார். அந்தக் கரகரப்பு அங்கிருந்து வந்தது. 'ஹைவே ஸ்டார்' போட்டுப் பாருங்கள்: முதலில் வரும் சோலோ (தனி வாசிப்பு) ஆர்கன், அடுத்தது கிடார். என் ஓட்டு முதலாவதற்கு.

கேள்வி: த டோர்ஸ் குழுவின் மேடையில் பாஸ் கிடார்காரரே (அடித்தள சுரங்களை வாசிப்பவர்) இல்லையே?

பதில்: கீபோர்டு வாசித்த ரே மன்சாரெக்கின் இடது கைதான் பாஸ். ஆர்கன் மேல் சின்னதாக ஒரு ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பாஸ் (பாஸ் சுரங்களுக்கான கீபோர்டு), வலது கைக்கு அந்த வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கன். ஆனால் 'லைட் மை ஃபயர்' ரெக்கார்டில் ஸ்டூடியோ கலைஞர் ஒருவர் பாஸ் கிடார் சேர்த்தார்.

கேள்வி: வான் ஹேலன் குழுவின் 'ஜம்ப்' பாட்டைக் கீபோர்டில் கற்க ஆசை. கஷ்டமா?

பதில்: தொடக்கம் கஷ்டமில்லை. இடது கை 'சி' சுரத்தை விடக்கூடாது. மேலே வலது கை மூன்று சுரக் கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) மாற்றும். அழுத்துவதைவிட எடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது, கார்டுகளுக்கு நடுவே இடைவெளி சுத்தமாகக் கேட்க வேண்டும். எடி வான் ஹேலன் வாசித்தது ஓபர்ஹைம் ஓ.பி.-எக்ஸ்.ஏ. சின்தசைசர். உங்கள் கீபோர்டில் 'சிந்த் பிராஸ்' டோன் இருந்தால் அதிலேயே ஆரம்பியுங்கள். நடுவில் வரும் சோலோவை இப்போதைக்குத் தொடாதீர்கள்.