நிக்கோலா லூப்போவை 'பிரான்சின் ஸ்ட்ராடிவாரி' என்று ஏன் சொல்கிறார்கள்?

ஸ்ட்ராடிவாரி, வயலின் செய்வதில் பெரும்புகழ் பெற்ற இத்தாலியர்; அவர் பெயர் லூப்போவுக்குச் சும்மா வந்ததில்லை. லூப்போ 1758இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். அப்பாவும் வயலின் செய்பவர்தான். குடும்பம் பிரான்சின் ஓர்லியான்ஸுக்குக் குடிபெயர்ந்தது. தொழிலை அப்பாவிடமே கற்று, 1790களில் பாரிஸ் வந்து சேர்ந்தார்.

அவர் வந்த நேரம்தான் முக்கியம். அதுவரை ஐரோப்பாவில் மதிப்பு, மேல்பலகை நன்றாக மேடுகட்டிய, அமாட்டி, ஸ்டைனர் என்ற பழைய வயலின் செய்பவர்களின் பாணி வயலின்களுக்கே. அவற்றின் நாதம் இனிமையானது; ஆனால் பெரிய அரங்கில் கடைசி வரிசை வரை எட்டாது. 1782இல் பாரிஸில் வாசித்த இத்தாலிய வயலின் கலைஞர் வியோட்டி, மேடு குறைந்த ஸ்ட்ராடிவாரி வயலினின் கம்பீரத்தைக் கேட்கவைத்தார். அப்புறம் எல்லோருக்கும் அதுவே வேண்டியிருந்தது.

லூப்போ அந்த வடிவத்தைக் கருத்தூன்றிப் படித்தார். வெறும் நகல் என்று அவர் வேலையைத் தள்ளுவது நியாயமே இல்லை. ஓரங்களைச் செதுக்கிய துப்புரவையும், மேப்பிள் மரத்தின் வரிகள் மேல் மினுங்கும் அந்தச் சிவப்பு வார்னிஷையும் பாருங்கள், அவர் கை தனியாகத் தெரியும். வயலின் மேதை ஷ்போர் சில காலம் வாசித்தது லூப்போ செய்த வயலினைத்தான்.

பாரிஸ் இசைக் கல்லூரியில் பரிசு வென்ற மாணவர்களுக்கும் அவர் வயலின்கள் செய்துகொடுத்தார். கடைசியாக எடுத்த பெரிய வேலை, அரச தேவாலயத்தின் இசைக்குழுவுக்கு முழுத் தொகுதி வாத்தியங்கள். 1824இல் இறந்துவிட்டதால், மீதியை முடித்தவர் சீடரும் மருமகனுமான கான்.