சர்வேயில் ஊனத்தைப் பற்றி எப்படிக் கேட்பது? கேள்வி பதில்

மதுரை, சமூகப்பணி மாணவி: மேடம், 400 வீட்டில் சர்வே எடுக்கிறேன். "உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா?" என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். போதுமா?

போதாதும்மா. வாசலில் நிற்கும் மருமகள் "இல்லை" என்பார். உள்ளே காது மந்தமான மாமனார் இருப்பார். அதை அவர் வயசுக்கோளாறு என்றுதான் நினைப்பார். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். பெயரைக் கேட்காதீர்கள், செயலைக் கேளுங்கள்.

ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டிருந்தாலும் பார்க்க, காதுமெஷின் வைத்திருந்தாலும் கேட்க, நடக்க அல்லது படியேற, ஞாபகம் வைக்க அல்லது கவனம் செலுத்த, குளிக்க அல்லது உடுத்த, பிறருக்குப் புரியவைக்க அல்லது புரிந்துகொள்ளச் சிரமம் இருக்கிறதா? பதில் நான்கு: சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது. ஏதாவது ஒன்றில் கடைசி இரண்டில் ஒன்று வந்தால் அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்கையும் ஒவ்வொரு முறையும் வாசித்துக் காட்டுங்கள். "சிரமமா?" "ஆமாம்" என்று நிறுத்தினால் கொஞ்சமும் ரொம்பவும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு பிரிக்க வழியே கிடையாது.

இன்னொன்று. 400 வீடு என்றால் சுமார் 1,600 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அகில இந்திய அளவான 2.21 சதவீதத்தை வைத்துப் பார்த்தால் 35 பேர்தான் தேறுவார்கள். அவர்களை ஆண், பெண், வயது, சாதி என்று பிரித்து அட்டவணை போட்டால் அதன் ஒரு கட்டத்துக்குள் இரண்டு பேர்தான் இருப்பார்கள். அதை வைத்து முடிவு எழுதாதீர்கள்.

திருச்சி, ஆய்வு மாணவர்: கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2001இல் 16.42 லட்சம், 2011இல் 11.80 லட்சம். ஊனம் குறைந்துவிட்டது என்று எழுதலாமா?

எழுதாதீர்கள் தம்பி. பார்வைப் பிரிவை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள்: சுமார் 9.6 லட்சத்திலிருந்து 1.3 லட்சம். பத்தே ஆண்டில் அத்தனை பேருக்குப் பார்வை திரும்பவில்லை. மற்ற பிரிவுகளின் கூட்டுத்தொகை ஏறியிருக்கிறது. 2001இல் ஐந்து வகை, 2011இல் எட்டு வகை; கேள்வி மாறியதால் எண்ணும் மாறியது. இலங்கையின் 2012 கணக்கெடுப்பு செயலில் உள்ள சிரமத்தைக் கேட்டது. 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதம் வந்தது.

சேலம்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளையும் பட்டியல் போட்டு டிக் அடிக்கச் சொன்னால்?

முதல் பதிலைப் படியுங்கள். 2016 சட்டத்தின் பட்டியல் சான்றிதழுக்கும் உரிமைக்கும் உரியது. தலசீமியா என்ற ரத்தக் கோளாறை வாசலில் நின்று கண்டுபிடிக்க முடியாது.

கோவை: யு.டி.ஐ.டி. (மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) பட்டியலிலிருந்து ஆட்களை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அது அட்டை உள்ளவர்களைப் பற்றிய ஆய்வு என்று தலைப்பிலேயே சொல்லுங்கள். மருத்துவ முகாமுக்குப் போக முடியாமல் படுத்திருப்பவர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்.

தஞ்சாவூர்: "சிரமம்" புத்தகத் தமிழ் இல்லையா? "கஷ்டம்" என்றே கேட்கலாமே?

"நடக்கக் கஷ்டமா இருக்கா?" என்றால் பரவாயில்லை. "ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்றதுமே பேச்சு கடனுக்கும் குடும்பச் சண்டைக்கும் போய்விடும்.

யாழ்ப்பாணம்: எங்கட சனத்திட்ட "முடியவே முடியாது" எண்டு கேட்டா விளங்காது. "ஒரேயடியா ஏலாது" எண்டுதான் கேக்கவேணும்.

உங்கள் ஊருக்கு அதுவே சரி.

தஞ்சாவூர்: "ஏலாவாளி" என்பது வசைச்சொல்லாயிற்றே? அதே வேர்தானே?

வேர் ஒன்றுதான். "நடக்க ஏலாது" செயலைச் சொல்கிறது. "ஏலாவாளி" ஆளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. வினை வேண்டும், பட்டப்பெயர் வேண்டாம். நான் பெயரைக் கேட்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

இதைவிடப் பெரிய பிழை, புரியவைப்பது பற்றிய ஆறாவது கேள்வியில் இருக்கிறது. "வழக்கமாகப் பேசும் மொழியில்" என்று மொழிபெயர்க்கிறார்கள். சைகை மொழியில் சரளமாக உரையாடும் ஒருவரிடம் அதைக் கேட்டால் "முடியவே முடியாது" என்று விழும். "வழக்கமாகப் புழங்கும் மொழியில்" என்று போடுங்கள். பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, "எதை நினைத்து இந்தப் பதில் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது மட்டும் இந்தப் பிழையைக் காட்டாது.

ஈரோடு: ஒரே கேள்வியில் முடிக்க வழி உண்டா?

இல்லை.

நெல்லை: மூன்று வயதுக் குழந்தைக்கும் இதே ஆறுதானா?

கூடாது. மூன்று வயதில் தானே குளிக்காதது ஊனம் ஆகாது. யுனிசெஃபும் வாஷிங்டன் குழுவும் சேர்ந்து தயாரித்த, குழந்தைகளுக்கான கேள்வித் தொகுதி 2 முதல் 4 வயதுக்கும் 5 முதல் 17 வயதுக்கும் தனித்தனியாக இருக்கிறது.

வேலூர்: காது கேளாத பெண்ணுக்கு அவர் அம்மாவே பதில் சொல்கிறார். ஏற்கலாமா?

முதலில் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளருக்குப் பட்ஜெட்டில் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். சொந்தக்காரரை அந்த வேலைக்கு வைக்காதீர்கள். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, உதவித்தொகை யார் கைக்குப் போகிறது என்ற கேள்விகளுக்கு அம்மா வழியாக உண்மை வராது. வேறு வழியே இல்லாமல் இன்னொருவர் பதில் சொன்னால், "பதில் தந்தவர்: தானே / வேறொருவர்" என்று படிவத்தில் ஒரு கட்டம் வைத்து, இரண்டையும் தனியாக அலசுங்கள்.