ஐம்பது வயதில் படிப்பு ஏறுமா? தோட்டத்து ஞாயிறு வகுப்புக்கு எந்தக் கோட்பாடு உதவும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதுகிறார்: "கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் தோட்டத் தொழிலாளர்களுக்கு மலாய் வாசிப்பும் கைப்பேசிப் பயன்பாடும் இலவசமாகச் சொல்லித் தருகிறேன். எல்லாரும் 45 வயதைத் தாண்டியவர்கள். முதல் வாரம் 16 பேர் வந்தார்கள், இப்போது 6 பேர்தான். சொன்னதை அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் கற்பதைப் பற்றி உளவியலில் நிறைய கோட்பாடுகள் இருக்கின்றனவாம். எதைப் பின்பற்றுவது? அல்லது இந்த வயதில் ஏறாது என்று விட்டுவிடுவதா?"

ஐயா, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஏறும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1928-லேயே இதை ஆராய்ந்து, வயதாக ஆகக் கற்கும் திறன் கொஞ்சம்தான் குறைகிறது என்று எழுதிவிட்டார். பின்னால் வந்த ரேமண்ட் கேட்டலும் ஜான் ஹார்னும் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்தார்கள். புதுப் புதிரைச் சட்டென்று அவிழ்க்கும் வேகம் இளமையிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. அனுபவத்தில் சேர்ந்த அறிவு நடுவயதைத் தாண்டியும் வளர்கிறது. ஆகவே நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள், அவ்வளவுதான்.

பிறகு ஏன் பத்துப் பேர் நின்றுவிட்டார்கள்? உங்கள் வகுப்பு பள்ளிக்கூடமாகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். அமெரிக்கரான மால்கம் நோல்ஸ் 1968 முதல் வலியுறுத்தியது இதைத்தான்: பெரியவர்கள் தங்களுக்கு இன்று தேவையான ஒன்றைத் தேடித்தான் வருகிறார்கள். ஏன் படிக்கிறோம் என்பது தெரிய வேண்டும், தங்கள் அனுபவத்துக்கு மதிப்பு இருக்க வேண்டும், சின்னப் பிள்ளையைப் போல நடத்தக் கூடாது. முப்பது வருடம் பால்மரம் வெட்டிய (ரப்பர் பால் எடுத்த) அக்காவை நான்கு பேர் முன்னால் எழுப்பி வாசிக்கச் சொன்னால், அடுத்த ஞாயிறு அவர் வீட்டில் கட்டாயம் ஏதாவது வேலை இருக்கும்.

பாடத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயிரேதான் உங்களுக்கு நெருக்கமானவர். 1963-இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் அவருடைய குழு சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க முனைந்தது. அரிச்சுவடியை ஓரமாக வைத்துவிட்டு, மக்கள் தினமும் புழங்கும் சொற்களை எடுத்துக்கொண்டார்கள். செங்கலைக் குறிக்கும் 'திஜோலோ' என்ற சொல்லை மூன்று அசையாகப் பிரித்து, முதல் அசையிலிருந்து த, தெ, தி, தொ, து என்று ஒரு வரிசை. நம் உயிர்மெய் வரிசை மாதிரியே இல்லையா? தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை போனவருக்கு இது ஏற்கெனவே கைவந்தது. மலாய் எழுத்தும் பெரும்பாலும் எழுதியபடியே ஒலிப்பதால் இந்த முறை அதற்கு நன்றாகப் பொருந்தும். சம்பளச் சீட்டையே பாடநூலாக்குங்கள். சம்பளத்தைக் குறிக்கும் 'காஜி' என்ற மலாய்ச் சொல்லில் தொடங்கி, சம்பளத்தில் என்னென்ன பிடித்திருக்கிறார்கள் என்று அவரே வாசிக்கும்வரை போகலாம். அங்கிருந்து சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்), கிளினிக் சீட்டு, மருந்து உறை.

கைப்பேசிக்கும் அப்படி ஒரு நிஜத் தேவை இருக்கிறது. ஊழியர் சேமநிதியான இபிஎஃப் 2024 மே மாதம் கணக்குகளை மாற்றியமைத்தபோது, 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'ஃபிளெக்சிபெல்' என்ற மூன்றாவது கணக்கு வந்தது. அதிலிருந்து குறைந்தது 50 ரிங்கிட் என்று எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தன் பணம் எவ்வளவு இருக்கிறது என்று மகனைக் கேட்காமல் தானே பார்ப்பதற்காக மழையிலும் வகுப்புக்கு வருவார்கள். (கடவுச்சொல்லை மட்டும் உங்கள் நோட்டில் எழுதிவைக்காதீர்கள். நம்பிக்கை வேறு, இது வேறு.)

நோல்ஸை முழுதாக நம்பி 'நீங்களே தேடிக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிடாதீர்கள். முற்றிலும் புதிய விஷயத்தில் பெரியவர்களுக்கும் கைப்பிடித்து நடத்துவது தேவை. ஜான் ஸ்வெல்லர் 1988-இல் முன்வைத்த அறிவுச்சுமைக் கோட்பாடு இங்கே கைகொடுக்கும்: ஒரே சமயத்தில் மனம் தாங்கும் புதுச் செய்திகள் மிகச் சில. செயலியைத் திறப்பது, எண்ணைப் போடுவது, மலாய் வாசகத்தைப் புரிந்துகொள்வது, தவறாக அழுத்திவிடுவோமோ என்ற பயம், எல்லாம் ஒன்றாக வந்தால் ஒன்றும் தங்காது.

இதற்கு வழி தோட்டத்திலேயே இருந்தது. அப்பா அம்மாவோடு நிரைக்கு (ரப்பர் மர வரிசைக்கு) போன பிள்ளையிடம் முதல் நாளே யாரும் கத்தியைக் கொடுக்கவில்லை. கோப்பை துடைப்பது, உறைந்துபோன கட்டிப்பால் பொறுக்குவது, வாளி தூக்குவது என்று போய், பட்டையில் கத்தி வைப்பது கடைசியாகத்தான். மானிடவியலாளர் ஜீன் லேவ் லைபீரியாவின் தையல்காரர்களிடம் கண்டதும் இதுவே. புதிதாகச் சேர்ந்தவர் பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது போன்ற முடிப்பு வேலைகளில் தொடங்குவார். துணி வெட்டுவது பிறகுதான். எட்டியென் வெங்கருடன் சேர்ந்து 1991-இல் அவர் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். நீங்களும் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முதல் வாரம் எல்லாப் படியிலும் நீங்கள் உதவுங்கள், மீதத் தொகையைக் காட்டும் கடைசிப் பொத்தானை அவர் அழுத்தட்டும். அடுத்த வாரம் கடைசி இரண்டு படிகள் அவருடையவை. ஒவ்வொரு முறையும் காரியம் முடிந்த திருப்தியோடு வீட்டுக்குப் போவார். ஆல்பர்ட் பந்துரா 1977-இல் சொன்ன தன்திறன் நம்பிக்கைக்கு ('என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு) இப்படிச் சொந்தமாகப் பெற்ற வெற்றிதான் வலுவான ஊற்று. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதும் பலம் தரும். அதனால் நன்றாகத் தேறியவரைப் புதியவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மறதி? ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டியபடி, திரும்பத் தொடாதது யாருக்கும் வேகமாக மறக்கும். வாரம் ஒரே ஒரு நாள் இரண்டு மணி நேரம் என்பதுதான் இங்கே சிக்கல். வகுப்பை ஒரு மணி நேரமாக்கி, புதன் இரவு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வியைக் குரல்பதிவாக அனுப்புங்கள். பதிலை அவர்களே நினைவிலிருந்து எடுக்கட்டும். ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிடத் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது.

டேவிட் கோல்பின் அனுபவச் சுழற்சி, ஜேக் மெசிரோவின் மனமாற்றக் கோட்பாடு என்றெல்லாமும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்ல சிந்தனைகள்தான், ஆனால் உங்கள் மண்டபத்துக்கு அவை இப்போது அவசரமில்லை. 'இவர் பார்த்துக் கற்பவர், அவர் கேட்டுக் கற்பவர்' என்று பிரித்துக் காட்டும் பயிற்சிக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள்.

நின்றுபோன பத்துப் பேரையும் போய்ப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டில் வாசிக்காமல் கிடக்கும் கடிதமோ சீட்டோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வரச் சொல்லுங்கள். அன்றைய பாடத்தை அதிலிருந்தே தொடங்குங்கள்.