ஜன்னல் கோணலா, கண் கோணலா?

கேள்வி: புது வீட்டுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. படுக்கையறை ஜன்னல் ஒரு பக்கம் சாய்ந்தாற்போலத் தெரிகிறது. ஹாலில் ஸ்லைடிங் கதவைச் சாத்தினால் மேல்முனை நிலையில் முட்டுகிறது, கீழே மட்டும் விரல் நுழைகிற சந்து. கட்டிக்கொடுத்தவர் "இதெல்லாம் சகஜம்" என்கிறார். குறைபாடு என்று சொல்லி மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: கதவை மாற்றச் சொல்லி இப்போதே சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அது ரோலர் (கதவைத் தாங்கி ஓடும் சின்னச் சக்கரம்) பிரச்சினைதான். கதவின் அடிப்பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்ன ஓட்டை இருக்கும், பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருப்பார்கள். உள்ளே உள்ள திருகைத் திருப்பினால் அந்தப் பக்கம் கதவு ஏறும் அல்லது இறங்கும். உங்களுக்குக் கீழே சந்து விழுவதால், நிலையோடு போய்ச் சேருகிற ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். இன்னொருவர் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டால் திருகு லேசாகச் சுற்றும். அதற்கு முன் டிராக்கில் சேர்ந்திருக்கும் மண்ணையும் சிமென்ட் துணுக்கையும் சுத்தம் செய்துவிடுங்கள், பாதி கோளாறு அங்கேயே போய்விடும். திருகு கடைசிவரை போன பிறகும் சந்து மூடவில்லை, அல்லது பாதி வழியில் நிறுத்திய கதவு தானாக நகருகிறது என்றால், சட்டத்தையே சரியாகப் பொருத்தவில்லை என்று சந்தேகப்படலாம். அது கட்டிக்கொடுத்தவர் சரிசெய்து தர வேண்டிய வேலை.

ஜன்னல் கதை வேறு. பூச்சு ஓரம் ஒழுங்காக இல்லாவிட்டாலோ, திரைக்கம்பி சாய்ந்திருந்தாலோ, நேரான ஜன்னலும் கோணலாகத்தான் தெரியும். ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள், அப்புறம் அதையே முனை மாற்றித் திருப்பி வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் அந்த மட்டத்தை நம்பலாம். அடுத்து மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டத்தின் மூலைகள் செங்கோணம் மாறவில்லை. பக்கச் சட்டத்தை ஒட்டி ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நடுவில் வளைவு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும், ஏனென்றால் சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் திருகை அளவுக்கு மீறி முறுக்கினாலோ, இடைவெளியை நிரப்பும் ஃபோம் (உப்பும் நுரை) அதிகமாக அடித்தாலோ சட்டம் வளைந்துவிடும். (ஜன்னலுக்கு அடியில் உள்ள வெளிப்பக்கத் திண்டு வெளியே சரிந்திருப்பது மழைத்தண்ணீர் வடிவதற்காக வேண்டுமென்றே வைப்பது, அதைப் புகாரில் சேர்த்துக் கேலிக்கு ஆளாகாதீர்கள்.)

ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு யாரும் ஜன்னலைப் பெயர்த்து மாட்ட மாட்டார்கள், கேட்பதும் நியாயமில்லை. ஆனால் தாழ்ப்பாள் விழவில்லை, மழையில் தண்ணீர் உள்ளே வருகிறது, சாத்திய பிறகும் காற்று விசிலடிக்கிறது என்றால் மில்லிமீட்டர் கணக்கே தேவையில்லை, குறைபாடுதான். "சகஜம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடி, அது மாதத்துக்கு மாதம் வளர்ந்தால் மட்டும் பொறியாளரைக் கூப்பிடுங்கள், அங்கே பிரச்சினை ஜன்னலில் இல்லாமல் கட்டடத்திலேயே இருக்கலாம்.

புகாரில் "கோணலாக இருக்கிறது" என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. எந்த மூலையில் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி, ஸ்கேல் தெரிகிற மாதிரி படம் எடுத்துத் தேதியோடு கொடுங்கள். ஒப்பந்தத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு ஏதாவது போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வந்தவர்கள் சட்டத்தைத் தொடாமல் சந்தில் சிலிக்கோன் பசையை மட்டும் அப்பிவிட்டுப் போகப் பார்த்தால் விடாதீர்கள். டிராக்கின் அடியில் தண்ணீர் வெளியேறும் சின்ன துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டால், அடுத்த மழைக்குத் தண்ணீர் ஹாலுக்குள்தான் வரும்.